சமவெளிக் கால்களும் இமயப் பாதையும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

பூந்தமல்லியிலிருந்து பரங்கிமலைக்குச் செல்லும் சாலையில் நம் கல்லூரி மாணவர் பலர் நாள்தோறும் பேருந்தில் தொங்கியபடி பயணம் செய்கின்றனர். அச்சாலையின் மறுமுனையில் நிற்கும் சிறு குன்றுக்கும் இமயமலைக்கும் ஓர் உறவு உண்டு என்பதை அறிந்தோர் சிலரே. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, பரங்கிமலைப் பக்கத்திலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்திற்கு நிலத்தை எஃகுச் சங்கிலி கொண்டு அளந்தார். அந்த அடிக்கோட்டில் தொடங்கி, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக வடக்கு நோக்கி வளர்ந்த நில அளவைப் பணியே பின்னாளில் இமயத்தின் சிகரங்களையும் அளந்தது. எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என்று 1856இல் உலகுக்கு அறிவித்ததும் அப்பணியே. 2020இல் அறிவிக்கப்பட்ட இன்றைய கணக்கு 8,848.86 மீட்டர், அதாவது 29,031 அடிக்குச் சற்று மேல். சங்கிலியில் தொடங்கிய கணக்கு எத்துணைத் துல்லியமானது, பாருங்கள்!

அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழன் இமயத்தை அறிந்திருந்தான். கண்ணகிக்குச் சிலை வடிக்கச் சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. ஆனால் நம்மைப் போன்ற ஆவடி, அம்பத்தூர்ப் பிள்ளைகளுக்கு இமயம் என்பது பாடநூலில் வரும் ஒரு படம், அவ்வளவே. நாம் வாழும் நிலம் ஏரியும் வயலும் தொழிற்சாலையும் நிறைந்த சமவெளி. கடல் மட்டத்திற்கு மேல் ஐம்பது அறுபது அடி உயரத்தில் பிறந்து வளர்ந்த கால்கள், பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் நடக்க இயலுமா? நடப்பதாயின் எவ்வாறு நடக்க வேண்டும்? சென்ற ஆண்டு மே மாதம் நம் கல்லூரி மாணவர் பன்னிருவரும் பேராசிரியர் ஒருவரும் மேற்கொண்ட ஏழு நாள் மலைநடையைக் கொண்டு இக்கேள்விகளுக்கு விடை கூற முயல்கிறேன்.

மலைநடை என்பது யாது?

'டிரெக்கிங்' என்று நாம் சொல்லும் சொல் தென்னாப்பிரிக்காவின் போயர் மக்களிடமிருந்து ஆங்கிலத்திற்கு வந்தது. குடும்பத்தோடும் பண்ட பாத்திரங்களோடும் மாட்டு வண்டிகளில் அவர்கள் மேற்கொண்ட நெடும் பயணத்தைக் குறித்த சொல் அது. ஆகவே பெயரிலேயே உச்சி இல்லை, பயணம்தான் இருக்கிறது. கயிறும் பனிக்கோடரியும் கொண்டு சிகரம் ஏறுவது மலையேற்றம். அதற்கென டார்ஜிலிங்கில் 1954இலும், உத்தரகாசியில் 1965இலும் தொடங்கப்பட்ட பயிற்சி நிறுவனங்கள் உள்ளன. மலைநடையோ ஊர்விட்டு ஊர் செல்லும் ஆட்டுப் பாதைகளிலும் காட்டுத் தடங்களிலும் பல நாள் நடந்து, வழியில் தங்கித் திரும்புவது. இதற்குக் கயிறு வேண்டா; கால் வேண்டும், பொறுமை வேண்டும், வழி அறிந்த ஒருவர் வேண்டும்.

வழிகாட்டி எதற்கு என்று கேட்போர் உளர். பாதை தெளிவாக இருக்கும்போது பணம் கொடுத்து ஒருவரை அழைத்துச் செல்வானேன் என்பது அவர்கள் வாதம். இரண்டு நிகழ்ச்சிகளை நினைவூட்ட விரும்புகிறேன். 2018 மார்ச்சில் நம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2024 ஜூனில் உத்தராகண்டின் சகஸ்திரதால் பாதையில் கர்நாடகத்திலிருந்து சென்ற 22 பேர் கொண்ட குழுவைத் திடீர்ப் பனிப்புயல் சூழ்ந்துகொண்டது. அவர்களுள் ஒன்பதின்மர் திரும்பவில்லை. இரண்டாவது குழுவில் வழிகாட்டிகளும் இருந்தனர். எனவே வழிகாட்டி இருந்தால் ஆபத்தே இல்லை என்று நான் கூறவில்லை. மலையில் வானிலை ஒரு மணி நேரத்தில் மாறும். அம்மாற்றத்தை முதலில் உணரக்கூடியவர் அங்கே பிறந்தவர்தான். அவர் 'திரும்பு' என்றால் திரும்பும் மனம் நமக்கு இருந்தால்தான் அவரை அழைத்துச் சென்றதற்குப் பயன் உண்டு. இதைச் சொல்வது எளிது. செய்வது எத்துணைக் கடினம் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நாங்கள் சென்ற பள்ளத்தாக்கு

உத்தராகண்ட் மாநிலத்தின் உத்தரகாசி மாவட்டத்தில், மேற்கு ஓரமாக அமைந்தது ஹர் கி தூன் பள்ளத்தாக்கு. 'தூன்' என்றால் பள்ளத்தாக்கு. டேராடூன் என்ற பெயரில் உள்ளதும் அதுவே. ஹர் என்பது சிவனைக் குறிக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,560 மீட்டர், அதாவது 11,700 அடி உயரத்தில் புல்வெளியாக விரிந்து கிடக்கும் இப்பள்ளத்தாக்கிற்குக் காவல்போல் சுவர்க்காரோகிணி மலைத்தொடர் நிற்கிறது. அதன் உயர்ந்த சிகரம் 6,252 மீட்டர். பாண்டவர்கள் சொர்க்கத்திற்கு ஏறிச் சென்ற மலை அது என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. இப்பகுதி 1955 முதல் கோவிந்த் வனவிலங்குச் சரணாலயமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. வனத்துறையின் அனுமதிச் சீட்டின்றி உள்ளே நுழைய இயலாது.

சூபின் என்னும் ஆற்றின் கரையோரமாகவே பாதை செல்கிறது. நைட்வாட் என்ற ஊரில் ரூபின் என்னும் மற்றோர் ஆறு இதனுடன் கூடுகிறது. இரண்டும் சேர்ந்தபின் பெயர் டோன்ஸ். யமுனையின் கிளையாறுகளுள் மிகப் பெரியது இந்த டோன்ஸே. டில்லி மக்கள் யமுனையில் காணும் நீரில் ஒரு பங்கு நாங்கள் நடந்த பாதையோரம் பாய்ந்த நீர்தான்.

சென்னையிலிருந்து இரயிலில் டில்லி. டில்லியிலிருந்து இரவுப் பேருந்தில் டேராடூன். அங்கிருந்து முசூரி, புரோலா, மோரி வழியாக ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் மலைச் சாலையில் ஒரு பகல் முழுதும் பயணம் செய்தால் சாங்கிரி என்னும் சிற்றூர். அதுவே நடையின் வாயில். செலவுக்காக எங்களுள் எழுவர், ஓராண்டுக் காலம் விடுமுறை நாட்களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தனர். இதை நான் பெருமைக்காகக் கூறவில்லை. ஓராண்டு உழைத்துச் சேர்த்த பணத்தில் வந்தவனுக்கு, பாதி வழியில் திரும்பு என்ற சொல் எவ்வளவு கசக்கும் என்பதை வாசகர் உணர வேண்டும் என்பதற்காகவே கூறுகிறேன்.

ஏரிக்கரையில் பயிற்சி

மலையே இல்லாத ஊரில் மலைக்குப் பயிற்சி பெறுவது எப்படி? மூன்று மாதம் அதிகாலையில் பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி நடந்தோம். முதல் மாதம் வெறுங்கையோடு. இரண்டாம் மாதம் முதுகுப் பையில் நான்கு கிலோ அரிசியோடு. மூன்றாம் மாதம் எட்டுக் கிலோ. படியேறும் பழக்கத்திற்கு இரயில் நிலைய மேம்பாலம் உதவியது. ஞாயிறுதோறும் பரங்கிமலைப் படிகள். கடைசியாக ஒரு நாள், அரக்கோணம் வழியாகச் சோளிங்கர் சென்று, யோக நரசிம்மர் மலையின் ஆயிரத்து முந்நூறு படிகளைச் சுமையோடு ஏறி இறங்கினோம். ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குச் சோதனை என்பதை அன்று கண்டுகொண்டோம்.

புதிதாகத் தொடங்குவோர் நேரே இமயத்திற்குச் செல்ல வேண்டுவதில்லை. நம் மாநில வனத்துறை 2024 அக்டோபரில் தமிழ்நாட்டுக் காடுகளில் நாற்பது நடைபாதைகளை வழிகாட்டிகளோடு திறந்துவிட்டது. அவற்றுள் எளியதொன்றில் முதலில் நடந்து பார்ப்பது நலம். சென்னையிலிருந்து திருப்பதிக்குக் கால்நடையாகவே செல்லும் அடியார்களை நாம் சாலையோரங்களில் பார்த்திருக்கிறோம். அவர்களுள் பலர் நம்மைவிட வயதில் மூத்தவர். காலில் நல்ல செருப்புகூட இல்லாதவர். நடை என்பது நமக்குப் புதிய கலையன்று. நாம் மறந்துவிட்ட கலை.

உயரம் செய்யும் வேலை

எவ்வளவு பயிற்சி செய்தாலும் ஏரிக்கரையில் பெற முடியாதது ஒன்று உண்டு. அதுவே உயரத்திற்கு உடல் பழகுவது.

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு என்று பள்ளியில் படித்தோம். மலையிலும் அதே பங்குதான். ஆனால் மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. 3,500 மீட்டர் உயரத்தில் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு அந்த அளவுக்குக் குறைகிறது. உடல் என்ன செய்கிறது? வேகமாக மூச்சு விடுகிறது; இதயம் வேகமாக அடிக்கிறது; இரத்தத்தின் அமில காரச் சமநிலையைச் சரிசெய்யச் சிறுநீரகம் கூடுதலாக உழைக்கிறது. அதனால் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேரும். நிறையத் தண்ணீர் குடிக்கவும் வேண்டும். சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரக் கணக்கில் ஆகும். இவ்வேலைகள் எல்லாவற்றிற்கும் உடல் கேட்பது ஒன்றே ஒன்று: கால அவகாசம்.

அந்த அவகாசம் கொடாமல் ஏறினால் உயர நோய் வரும். தலைவலி அதன் முதல் அடையாளம். பசியின்மை, குமட்டல், அயர்ச்சி, தூக்கமின்மை ஆகியவை உடன் வரும். அந்நிலையிலும் பிடிவாதமாக மேலே ஏறுவோர் சிலருக்கு மூளை வீங்குவதும், நுரையீரலில் நீர் கோப்பதும் உண்டு. அவை சில மணி நேரங்களில் உயிரைக் குடிக்க வல்லவை. தலையாய மருந்து கீழே இறங்குவதே. மாத்திரைகள் உண்டு; அவற்றை மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு மேலே செல்லலாம் என்று எண்ணுவது தவறு.

இங்கே ஒரு வியப்பான உண்மையைக் குறிப்பிட வேண்டும். உடல்வலிமை உயர நோயைத் தடுப்பதில்லை. பயில்வானுக்கும் வரும், அவனைவிட மெலிந்தவனுக்கு வராமலும் போகும். வலிமையுள்ளவன் வேகமாக ஏறிவிடுவதால் அவனுக்கே சில வேளை ஆபத்து மிகுதி. 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும். மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும். பகலில் உயர ஏறிப் பார்த்துவிட்டு இரவில் தாழ இறங்கி உறங்குவது மிக நல்ல முறை.

வெப்பமும் உயரத்தோடு குறைகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரைப் பாகை வீதம் குறையும் எனலாம். ஆவடியில் நாற்பது பாகை வெயிலில் புறப்பட்ட நாங்கள் அங்கே கம்பளித் தொப்பிக்குள் ஒடுங்கிக் கிடந்தோம். தண்ணீரும் அங்கே நூறு பாகையில் கொதிப்பதில்லை. 3,500 மீட்டரில் 88 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் சோறு எளிதில் வேகாது. பிரஷர் குக்கர் இல்லாமல் சமையற்காரர் மலையேறுவதில்லை.

நடந்த நாட்கள்

முதல் நாள் சாங்கிரியில் தங்கினோம். எங்கள் வழிகாட்டி ஐம்பது வயதைத் தாண்டியவர். அருகிலுள்ள ஊரைச் சேர்ந்தவர். அவர் பேசியது இந்தி. ஆவடி மத்திய ரிசர்வ் போலீஸ் படை முகாமில் வளர்ந்தவரும் எங்கள் வகுப்புத் தோழியுமான ஒருவர் வடநாட்டுப் பள்ளிகளில் படித்தவர். ஏழு நாளும் அவரே எங்கள் மொழிபெயர்ப்பாளர். வழிகாட்டியை 'பாய் சாப்' என்று அழைத்தோம். அவர் எங்களை 'பேட்டா' என்றார். நடக்கும் வரிசையை அவர் வகுத்தார்: மிக மெதுவாக நடப்பவர் முன்னே, வேகமாக நடப்பவர் பின்னே, யாரும் தம்மை முந்தக் கூடாது. எங்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது.

இரண்டாம் நாள், தேவதாரு மரங்களுக்கிடையே கரடுமுரடான வழியில் ஜீப்பில் தாலுகா என்ற ஊருக்குச் சென்று, அங்கிருந்து ஏறத்தாழ பதின்மூன்று கிலோமீட்டர் ஆற்றோரமாக நடந்து சீமா என்ற இடத்தை அடைந்தோம். உயரம் சுமார் 2,500 மீட்டர். ஆற்றுக்கு எதிர்க்கரையில் மேட்டின்மேல் தெரிவது ஓசலா கிராமம். மூன்றாம் நாளை ஓய்வுக்கும் சிறு நடைக்கும் ஒதுக்கினார் வழிகாட்டி. நான்காம் நாள் ஏறிச் சென்று, 3,000 மீட்டர் உயரத்தை ஒட்டிய கல்கத்தியாதார் என்னும் மேட்டில் கூடாரம் அடித்தோம். மறுநாள் காலை ஹர் கி தூன் சென்று பார்த்துவிட்டு மாலையில் அதே கூடாரத்திற்குத் திரும்புவது திட்டம்.

அன்றிரவு எங்கள் குழுவில் மிகுந்த வலிமை உடைய நண்பர், கல்லூரிக் கபடிக் குழுவின் ஆட்டக்காரர், சாப்பாட்டைத் தொடவில்லை. தலை வெடிக்கிறது என்றார். இருமுறை வாந்தி எடுத்தார். வழிகாட்டி வந்து, ஒரு பாதத்தின் முன் மற்றொரு பாதத்தை ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். நண்பர் தள்ளாடாமல் நடந்தார். "நல்லது, மூளைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் காலையிலும் தலைவலி இருந்தால் இவர் மேலே வர மாட்டார், கீழே இறங்குவார்" என்றார் வழிகாட்டி.

விடிந்தது. தலைவலி தீரவில்லை. நண்பர் என் கையைப் பற்றிக்கொண்டார். "டேய், வெறும் தலைவலிடா. அஞ்சாறு கிலோமீட்டர்தானே? ஒரு வருஷம் பட்டறையில ராவிக் கொட்டினது இதுக்குத்தானா? நீயாவது சார்கிட்டச் சொல்லுடா" என்றார். கபடிக் களத்தில் அடிபட்டு விழுந்தபோதும் கலங்காத அவர் கண்கள் கலங்கியிருந்தன. பேராசிரியர் வழிகாட்டியின் முகத்தைப் பார்த்தார். வழிகாட்டி எங்கள் தோழியிடம் ஏதோ கூறினார். அவர் அதைத் தமிழில் சொன்னார்: "பாண்டவர்கள் இந்த வழியில் போனபோது ஒவ்வொருவராக விழுந்தார்கள்; தருமர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார் என்பார்கள். அவர் சொர்க்கத்துக்குப் போனவர். நாம் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள். இங்கே ஒருவர் விழுந்தால் எல்லாரும் திரும்பிப் பார்க்க வேண்டும்."

அதற்கு மேல் யாரும் வாதிடவில்லை. உதவியாளர் ஒருவரோடு நண்பரைச் சீமாவிற்கு இறக்குவது என்று முடிவாயிற்று. மொழி தெரியாத இடத்தில் அவரைத் தனியே அனுப்பலாகாது. நம்மவர் ஒருவர் உடன் செல்ல வேண்டும். பேராசிரியர் யாரையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. நான் என் பையை எடுத்து மாட்டிக்கொண்டேன். ஆகவே, நண்பர்களே, ஹர் கி தூன் புல்வெளியையும் சுவர்க்காரோகிணியை அண்மையிலிருந்தும் நான் பார்க்கவில்லை. இக்கட்டுரையில் அவற்றைப் பற்றி எழுதியவை, சென்று வந்த தோழர்கள் சொன்னவையும் படித்தவையுமே.

சீமாவை அடைந்து மூன்று மணி நேரத்தில் நண்பரின் தலைவலி தணிந்தது. மாலையில் நான்கு ரொட்டி சாப்பிட்டார். ஐந்நூறு மீட்டர் இறக்கம் செய்த வேலை அது. மேலே சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் அறிய முடியாது. அறியத் தேவையில்லாமல் போனதே வழிகாட்டியின் வெற்றி.

ஓசலாவில் ஒரு நாள்

மறுநாள் முழுதும் ஓசலா ஊரில் கழித்தோம். தேவதாரு மரத்தால் கட்டிய வீடுகள். கீழ்த்தளத்தில் ஆடு மாடுகள், மேல்தளத்தில் மக்கள். கீழேயிருந்து எழும் சூடு மேலே உள்ளவர்களுக்குக் கம்பளி போல் உதவுகிறது. ராஜ்மா, உருளைக்கிழங்கு, தண்டுக்கீரை விதை ஆகியவை பயிராகின்றன. சீமாக் கடையில் கிடைத்த கருத்த ரொட்டியைத் தின்றுபார்த்தால் நம் கேழ்வரகு! அங்கே அதற்கு 'மண்டுவா' என்று பெயர். மர வீடுகளுக்குத் தீயே பெரும் பகை. இப்பள்ளத்தாக்கிலேயே சாவணி என்ற ஊரில் 2018இல் பிடித்த தீ, பல வீடுகளையும் ஏராளமான கால்நடைகளையும் விழுங்கியது. வழிப்போக்கர் ஒருவர் அணைக்காமல் எறியும் பீடித் துண்டு அங்கே ஓர் ஊரையே எரிக்க வல்லது.

ஊர் நடுவே சிற்ப வேலைப்பாடு மிக்க மரக் கோயில் ஒன்று உண்டு. அது துரியோதனன் கோயில் என்று வெளியூர்ப் புத்தகங்கள் பல எழுதி வந்துள்ளன. நாங்களும் அப்படியே படித்துச் சென்றோம். ஊராரோ 'சோமேசுவர்' என்கின்றனர். இந்தச் சோமேசுவர் சுற்றுவட்டாரத்து ஊர்கள் பலவற்றிற்கும் தலைமைத் தெய்வம். நைட்வாட் அருகே தேவ்ரா என்ற ஊரில் கர்ணனுக்கும் கோயில் உண்டு. துரியோதனன் இறந்தபோது மக்கள் சிந்திய கண்ணீரே டோன்ஸ் ஆறாயிற்று என்று ஒரு கதையும் வழங்குகிறது.

எனக்கு உடனே நம் தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்கள் நினைவுக்கு வந்தன. நாள்தோறும் பகலில் பாரதம் படிப்பர். இரவில் கூத்து நடக்கும். கடைசி நாள் படுகளத்தில் துரியோதனனை மண்ணால் மாபெரும் உருவமாகக் கிடத்தி, தொடையில் அடித்து வீழ்த்துவர். திரௌபதி கூந்தல் முடிப்பாள். ஆனால் அங்கும் துரியோதனனுக்காக ஒப்பாரி வைக்கும் பெண்டிர் உண்டு என்பதைக் கூத்துப் பார்த்தவர் அறிவர். ஒரே பாரதம். ஒரு மூலையில் அவனை வீழ்த்தி அழுகிறோம். மற்றொரு மூலையில் அவனுக்காக ஓர் ஆறே அழுததாகச் சொல்கின்றனர். உதவியாளர் வாயிலாக நான் அரைகுறை இந்தியிலும் கைச்சாடையிலும் படுகளத்தை விளக்கியபோது, கோயில் திண்ணையில் அமர்ந்து கம்பளி நூற்றுக்கொண்டிருந்த முதியவர் தக்ளியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "மண்ணால் செய்தவனை அப்புறம் என்ன செய்வீர்கள்?" என்பது அவர் கேள்வி. "அந்த மண்ணை எடுத்துச் சென்று வீட்டில் வைத்துக்கொள்வோரும் உண்டு" என்றேன். அவர் தலையசைத்தார்.

மலைக்குச் செல்வோர் பெரும்பாலும் இவ்வூர்களைக் கடந்து போகிறார்கள்; தேநீர் குடித்து, படம் எடுத்து, நடையைக் கட்டுகிறார்கள். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் பார்த்தால் நானும் என் நண்பரும்தான் ஓசலாவை முழுதாக ஒரு நாள் பார்த்தவர்கள்.

செல்ல விரும்புவோருக்கு

அடுத்து வரும் மாணவர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, நாட்களைக் குறைக்காதீர்கள். ஏழு நாள் நடையை ஐந்து நாளில் முடித்துத் தருகிறோம் என்று கூறுவோர் உங்கள் உடலுக்குரிய அவகாசத்தைத்தான் விற்கிறார்கள்.

இரண்டாவது, புறப்படும் முன்பே குழுவாக அமர்ந்து ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். வழிகாட்டி திரும்பச் சொன்னால் திரும்புவோம் என்றும், நோயுற்றவரோடு இறங்குபவர் யார் என்றும் ஊரிலேயே பேசி முடிவு செய்வது நல்லது. குளிரில், விடியற்காலையில், கண்ணீருக்கு முன்னால் அம்முடிவை எடுப்பது எளிதன்று.

மூன்றாவது, தலைவலியை மறைக்காதீர்கள். குழுவுக்குப் பாரமாகிவிடுவோமோ என்று மறைப்பவரே பின்னர் உண்மையிலேயே பாரமாகிறார்.

நான்காவது, சுமை. செங்குட்டுவன் தன் கல்லைத் தோற்ற அரசர்களின் தலையில் ஏற்றிக் கொணர்ந்தான். நம் சுமையைச் சுமப்பவரோ நம்மிடம் தோற்றவர் அல்லர். தம் உழைப்பை நமக்குத் தருபவர். அவருக்கும் கம்பளி உடையும் நல்ல காலணியும் உண்டா, கூலி முழுதாகப் போய்ச் சேருகிறதா என்று கேட்பது நம் கடமை. கோவேறு கழுதைகள் வரும்போது மலைச்சரிவுப் பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்தின் பக்கம் நின்றால் சுமை இடித்து உருள நேரிடும்.

ஐந்தாவது, நீங்கள் கொண்டு சென்ற பிளாஸ்டிக் உறைகளைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். அங்கே குப்பை வண்டி வருவதில்லை. ஆறு ஒன்றுதான் அதை எடுத்துச் செல்லும். எடுத்துச் சென்று யமுனையில் சேர்க்கும்.

நண்பர் இப்போது நலமாக இருக்கிறார். மண்டலப் போட்டியில் இவ்வாண்டும் கபடி ஆடினார். மீண்டும் ஒருமுறை அந்தப் பள்ளத்தாக்கிற்குச் செல்ல வேண்டும் என்று அவரும் நானும் திட்டமிட்டு, மாதந்தோறும் சிறு தொகை சேர்த்து வருகிறோம். இம்முறை எட்டு நாள் திட்டம். சீமாவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். உடன் வர விரும்பும் மாணவ மாணவியர், பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குக் காலை ஐந்தரை மணிக்கு வரலாம். நான்கு கிலோ அரிசி கொண்டு வரவும்.